குதிகால் வலி ஆய்வுகளில் சேர்ந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். பிளான்டார் ஃபேசியைட்டிஸ் (குதிகாலிலிருந்து விரல்கள் வரை பாதத்தின் அடியில் ஓடும் திசுப்பட்டையின் பாதிப்பு) வலிக்கு ஆள் சேர்க்கும் மருத்துவ ஆய்வுகளைத் தொகுக்கிறோம். மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்யும் அமெரிக்க அரசுத் தளமான கிளினிக்கல்ட்ரையல்ஸ் டாட் கவ்-இல் அந்தப் பெயரை மட்டும் போட்டால் சில தப்பிவிடும். 'பிளான்டார் ஹீல் பெயின்', 'ஃபேசியோபதி' என்றும் தேடி, 'ரெக்ரூட்டிங்' (ஆள் சேர்க்கிறார்கள்) என்பதைத் தேர்ந்தெடுங்கள். கடைசியாகப் புதுப்பித்த தேதியையும் பாருங்கள். பல மாதம் தொடாத பதிவென்றால் சேர்க்கை முடிந்திருக்கலாம்.

பலரை ஆய்வில் சேர்க்காமல் நிராகரிக்க வைப்பது சமீபத்தில் போட்ட ஸ்டீராய்டு ஊசி. ஊசி வலியை அமுக்கிவிட்டால் புதிய சிகிச்சையின் பலனைப் பிரித்தறிய முடியாது. ஆய்வில் சேர வேண்டும் என்பதற்காக, இப்போது எடுத்துவரும் சிகிச்சையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்!

ஷாக்வேவ் (அதிர்வலைச் சிகிச்சை), பிஆர்பி (நம் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த தட்டணுக்கள் நிறைந்த பிளாஸ்மா ஊசி) ஆய்வுகளில் இருந்தவர்கள் சொல்லுங்கள்: காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியின் வலி 10-க்கு எத்தனை இருந்தால் சேர்த்தார்கள்? ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் போலிச் சிகிச்சை தரப்பட்ட குழுவில் இருந்தவர்களுக்குப் பிறகு உண்மையான சிகிச்சை கிடைத்ததா? பயணச் செலவு கொடுத்தார்களா?