பேட்ச் (சாஃப்ட்வேர் ஓட்டையை அடைக்கும் திருத்தம்) போட்டாச்சு என்று நம்பிய பிறகு நடந்தது: உங்கள் அனுபவம் என்ன? (அவரவர் ஏரியா பெயரில் எழுதுங்கள்)

தண்டையார்பேட்டை

மண்ணடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசின் இரண்டு லினக்ஸ் சர்வர்களை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். 2021 டிசம்பர் 10, வெள்ளிக்கிழமை. லாக்4ஜே ஓட்டை பற்றி எங்கே பார்த்தாலும் பேச்சு. ஓட்டைகளுக்குக் கொடுக்கும் பதிவு எண்ணில் சி.வி.இ-2021-44228, அபாய மதிப்பு பத்துக்குப் பத்து. ஜாவா புரோகிராம்கள் லாக், அதாவது நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும் பதிவு, எழுதுவதற்கு வைத்திருக்கும் லைப்ரரிதான் லாக்4ஜே. லாகில் எழுத வந்த வரிக்குள் ஜே.என்.டி.ஐ என்று தொடங்கும் முகவரி ஒன்று இருந்தால், அதை வெறும் எழுத்தாக எழுதாமல் அந்த முகவரிக்கே போய், அங்கிருக்கும் கோடைக் கொண்டுவந்து ஓட்டிவிடும். யூசர் நேம் பெட்டியில் அந்த வரியைத் தட்டினாலே போதும்.

சர்வர் முழுக்க அந்தப் பெயரில் ஃபைல் தேடினேன். ஒன்றும் வரவில்லை. சாஃப்ட்வேர் செய்து கொடுத்தவர்களுக்குப் போன் போட்டேன். "நம்மகிட்ட அது இல்ல சார்" என்றார்கள். சரி என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். ராத்திரி பதினொரு மணிக்கு மனசு கேட்கவில்லை. அவர்கள் கொடுத்தது ஒரே ஒரு பெரிய ஜார் ஃபைல். ஜார் என்பதே ஒரு ஜிப் மூட்டைதான். மூட்டைக்குள் கிடக்கும் மூட்டை, பெயரை வைத்துத் தேடினால் எப்படித் தெரியும்? அன்ஜிப் போட்டு உள்ளே இருப்பதைப் பட்டியல் எடுத்தேன். நடுவில் ஓட்டை உள்ள லாக்4ஜே-கோர் 2.11.1 உட்கார்ந்திருந்தது. உடம்பு சில்லிட்டுவிட்டது.

உள்ளே இருந்த ஜாரை வெளியே எடுத்து, அந்த முகவரியைத் தேடிப் போகும் ஜே.என்.டி.ஐ லுக்கப் கிளாஸை மட்டும் நீக்கிவிட்டுத் திரும்ப மூட்டையில் வைத்தேன். அப்ளிகேஷன் எழுந்திருக்கவே இல்லை! அது ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா கருவியில் கட்டிய ஜார். உள்ளே வைக்கும் ஜாரைச் சுருக்காமல் அப்படியேதான் வைக்க வேண்டும், ஜிப் கட்டளையோடு மைனஸ் சைபர் சேர்த்து. இதைக் கண்டுபிடிப்பதற்குள் மணி இரண்டு. அந்த வாரம் சிலர் லுக்கப்பை நிறுத்தும் ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றிவிட்டு விட்டுவிட்டார்கள். சில நாளில் சி.வி.இ-2021-45046 வந்து, அந்த செட்டிங் எல்லா இடத்திலும் காப்பாற்றாது என்று தெரிந்தது. லாக்4ஜேயின் திருத்திய வெர்ஷன்கள் 2.15, 2.16, 2.17 என்று வரிசையாக வந்து, மாதம் முடிவதற்குள் 2.17.1 வரை போய்விட்டது. மார்கழிக் குளிரில் தினமும் ராத்திரி இதே வேலை. சாஃப்ட்வேர்காரர்கள் புது ஜார் அனுப்பியது ஜனவரியில்தான். "இல்ல சார்" என்று சொல்வதற்கு முன்னால் அவர்கள் ஒருமுறை திறந்து பார்த்திருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

ராயபுரம்

அண்ணா, என்னுடையது பழைய கதை, 2014 ஏப்ரல். இணையத் தொடர்பை ரகசியமாகப் பூட்டி அனுப்பும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் ஹார்ட்ப்ளீட் என்ற ஓட்டை. ஒரு தடவை கேட்டால் சர்வரின் மெமரியிலிருந்து 64 கே.பி. வரை அள்ளிக் கொடுத்துவிடும். அதில் பாஸ்வேர்டும் இருக்கலாம், சர்ட்டிஃபிகேட்டின் ரகசியச் சாவியான பிரைவேட் கீயும் இருக்கலாம். காசிமேட்டில் மீன் ஏற்றுமதி செய்யும் ஒருவருக்கு வெப்சைட்டும் மெயிலும் டெபியன் என்ற லினக்ஸ் ஓடும் ஒரே சர்வரில் போட்டுக் கொடுத்திருந்தேன்.

திருத்திய வெர்ஷன் 1.0.1-ஜி என்று எல்லோரும் சொன்னார்கள். அப்டேட் செய்த பிறகும் எனக்கு 1.0.1-இ என்றே காட்டியது. பயந்துபோய் சோர்ஸை இறக்கி நானே கம்பைல் செய்யப் போனேன். நல்லவேளை, பக்கத்தில் இருந்த சீனியர் தடுத்தார். டெபியன் பழைய வெர்ஷனிலேயே திருத்தத்தை மட்டும் ஒட்டிக் கொடுக்கும். முன்னால் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு வாலைப் பார் என்றார். வாலில் டெப்7யு5 என்று இருந்தது. அதுதான் திருத்தம்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். வெப் சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன், மெயில் சர்வரை மறந்துவிட்டேன். டிஸ்கில் புது லைப்ரரி இருந்தாலும், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் மெமரியில் பழையதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். எந்த புரோகிராம் எந்த ஃபைலைப் பிடித்திருக்கிறது என்று காட்டும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையில், அந்தப் பழைய ஃபைலுக்கு நேராக டெல் (DEL, அழிக்கப்பட்டது) என்று மூன்று எழுத்து நின்றது. ஒன்பது நாள் கழித்து அதைப் பார்த்தேன். கீ, சர்ட்டிஃபிகேட் எல்லாம் புதிதாக எடுத்து, அத்தனை பேருடைய மெயில் பாஸ்வேர்டையும் மாற்றவைத்தேன். விடியற்காலை ஏலத்துக்குப் போகிறவர்களை உட்காரவைத்துப் பாஸ்வேர்டு மாற்றச் சொல்வது லேசான வேலை இல்லை.

வியாசர்பாடி

நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம்தான் ஆகிறது. 2024 மார்ச் 29, புனித வெள்ளி. ஃபைல்களைச் சுருக்கும் எக்ஸ்இசட் பேக்கேஜுக்குள், எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) மூலம் புகுந்துவிட ஒரு பின்கதவு வைத்திருந்த விஷயம் வெளியே வந்தது. மறுநாள் காலையில்தான் எனக்குத் தெரிந்தது. என் லேப்டாப்பில் டெபியனின் சோதனைப் பதிப்பான டெஸ்டிங். வெர்ஷன் பார்த்தால் பின்கதவு இருந்த அதே 5.6.1. நான் மாட்டியது அப்டேட் செய்யாததால் இல்லை. ஒழுங்காக தினமும் அப்டேட் செய்ததால்தான் மாட்டினேன். இது எனக்குப் பெரிய அதிர்ச்சி.

ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் டெவலப்பர், எஸ்எஸ்ஹெச் லாகின் அரை செகண்ட் தாமதமாவதைக் கவனித்து, ஏன் என்று தோண்டிப் பிடித்தார். டெபியன் அவசரமாகப் பழைய வெர்ஷனுக்குத் திரும்பியது. புது பேக்கேஜின் பெயர் 5.6.1+ரியலி5.4.5. உண்மையில் உள்ளே இருப்பது 5.4.5 என்பதைப் பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். அதை இன்ஸ்டால் செய்துவிட்டும் திருப்தி வராமல், லேப்டாப்பையே துடைத்துப் புதிதாகப் போட்டேன். எஸ்எஸ்ஹெச் கீக்களையும் மாற்றினேன்.

ஆனால் என்னை உறுத்தியது வேறு. எக்ஸ்இசட் பேக்கேஜை லாஸ்ஸே காலின் என்ற ஒரே ஆள் பல வருடமாகச் சும்மா, சம்பளம் இல்லாமல் பார்த்துவந்தார். மனநலம் சரியில்லை, அதனால் வேலை மெதுவாகிறது என்று 2022-இல் அவரே எழுதியிருந்தார். அப்போதும் அந்த பேக்கேஜின் மெயிலிங் லிஸ்டில் சிலர், ஏன் தாமதம், வேறு ஆளிடம் கொடு என்று நெருக்கினார்கள். உதவ வந்தவன் போல நுழைந்து, இரண்டு வருடத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக வேலை செய்தவன்தான் பின்கதவை வைத்தான். அந்த மெயில்களைப் படித்தபோது எனக்கு அழுகையே வந்தது. நாங்கள் ஆபீசில் தினமும் பயன்படுத்தும் ஒரு சின்ன பைத்தான் பேக்கேஜையும் ஒரே ஒருவர்தான் பார்க்கிறார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்கு வரும் புகார்களைப் படித்து, என் மெஷினில் ஓட்டிப் பார்த்து, உண்மையில் அப்படி ஆகிறதா என்று எழுதி வைக்கிறேன். முதல் முறை எழுதியதற்கு அவரிடமிருந்து இரண்டே வரியில் பதில் வந்தது.

தண்டையார்பேட்டை

ராயபுரம் தம்பி, நீ சொன்ன டெல் விஷயத்தைப் படித்துவிட்டு இப்போதுதான் மண்ணடி சர்வரில் ஓட்டிப் பார்த்தேன். இரண்டு வரி வந்தது. ஆபீஸ் மூடியதும் ரீஸ்டார்ட் செய்யப் போகிறேன்.