ஹேர்பின் வளைவு தாண்டினதும் இழுக்க மாட்டேங்குது: மாருதி எஸ்டீம் டியூனிங், உதவி தேவை

வணக்கம். கோவை. வண்டி 2004 எஸ்டீம், 1.3 லிட்டர், 16 வால்வு, 85 பிஎச்பி. ரெண்டு வருஷமா டிஎஸ்டி ராலிக்கு (சொன்ன சராசரி வேகத்துல, சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய போட்டி) மட்டும் ஓட்டுறேன், சொந்தக் காசுல.

மூணு மாசம் முன்னாடி இன்ஜினுக்குக் காத்து தாராளமா போய் வர சிலிண்டர் ஹெட் ஒர்க் பண்ணி, கோன் ஏர் ஃபில்டரும் ஃப்ரீ ஃப்ளோ எக்ஸாஸ்டும் போட்டேன். அதுல இருந்துதான் வினை. குன்னூர் மலைப்பாதையில கல்லாறு தாண்டி பர்லியார் ஏறும்போது, ஹேர்பின்ல ரெண்டாவது கியர்ல மிதிச்சா 2500ல இருந்து 3500 ஆர்பிஎம் வரை செத்துப்போகுது. 4000 தாண்டினா திடீர்னு பிச்சுக்கிட்டுப் போகுது. சமதளத்துலயும் இதே கதைதான், கொஞ்சம் கம்மி. டிஎஸ்டில சீக்கிரம் போனாலும் பெனால்டி, லேட்டானாலும் பெனால்டி. எனக்கு மேல் வேகம் வேண்டாம், நடு ஆர்பிஎம் இழுவைதான் வேணும்.

பிளக், ஃப்யூவல் ஃபில்டர் மாத்தியாச்சு. த்ராட்டில் பாடி, இன்ஜெக்டர் கிளீன் பண்ணியாச்சு. டைமிங் பெல்ட் மார்க்கைக் கழட்டி நானே பார்த்தேன், சரியா இருக்கு. கம்ப்ரெஷன் நாலு சிலிண்டர்லயும் கிட்டத்தட்ட சமம். செக் இன்ஜின் லைட் எரியல. ஆனா பிளக்கைக் கழட்டினா நாலு முனையும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கு. லீனா (காத்துக்கு ஏத்த பெட்ரோல் இல்லாம) ஓடுதுன்னு என் சந்தேகம். மெக்கானிக் "ஓட்ட ஓட்ட செட்டாயிடும்"ங்கறார். 3000 கிலோமீட்டர் ஓடியாச்சு, இன்னும் செட்டாகல.

கையில 20,000 ரூபாய்தான். பழைய ஏர்பாக்ஸையும் எக்ஸாஸ்டையும் திருப்பி மாட்டுறதா, இல்ல செகண்ட் ஹேண்ட் பிக்கிபேக் (வண்டியோட ஈசியு கம்ப்யூட்டர் கூட மாட்டி பெட்ரோல் அளவை மாத்துற பெட்டி) வாங்கி, டைனோவுல (பவர் அளக்குற மெஷின்) மேப் பண்றதா? இதே இன்ஜின்ல செஞ்சவங்க சொல்லுங்க.