8 வீதம் ஒளிந்திருந்த இடம்

மென்பொருளில் திரையையும் கணக்கையும் பிரிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் கதையைச் சொல்கிறேன். கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு மின்சாதனக் கடை. பில் போடும் மென்பொருள், யாரோ ஒருவர் விஷுவல் பேசிக் 6 என்ற பழைய நிரல் மொழியில் எழுதியது. அவர் வெளிநாடு போய்விட, அது என் தலையில் விழுந்தது.

முதலாளி முதலில் கேட்டது சின்ன வேலைதான். "தம்பி, ஸ்கிரீனில இருக்கிற இங்கிலீசைத் தமிழாக்கித் தாங்கோ." பாமினி என்ற தமிழ் எழுத்துருவைப் போட்டு, '8% VAT' என்று எண் முன்னால் இருந்ததை 'வற் 8 வீதம்' என்று மாற்றினேன் (வற் என்பது பெறுமதி சேர் வரி). அன்று மாலை வரை போன பில் ஒன்றிலும் வரி இல்லை! உள்ளே போய்ப் பார்த்தால், திரையில் தெரிகிற அந்த எழுத்தையே வாசித்து, தொடக்கத்தில் நிற்கிற எண்ணால்தான் பெருக்கியிருக்கிறது. தொடக்கத்தில் எண் இல்லை, ஆகவே பூச்சியம்.

அப்போதும் நான் திருந்தவில்லை. 8ஐ பட்டனை அழுத்தினால் ஓடும் நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டு வந்தேன். 2022 ஜூனில் வற் 12 ஆனது. பில் திரையில் மாற்றினேன். சாமான் திருப்பி எடுக்கும் திரையில் அதே கணக்குக்கு இன்னொரு பிரதி இருந்ததை மறந்துபோனேன். 10,000 ரூபாய் ஃபேனை வரியோடு 11,200க்கு வாங்கியவர் திருப்பிக் கொடுக்க வந்தால், கணினி 10,800 என்கிறது. அந்த 400 ரூபாய்க்குக் கவுன்டரில் நடந்த சண்டை தெருவுக்கே கேட்டது. அதைவிட மோசம், மே மாதப் பில்லை மறுபடி அச்சடித்தால் அதிலும் 12. பழைய பில்லையும் திரை புதிதாகக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது.

செப்டெம்பரில் 15 என்றதும் திரையையும் கணக்கையும் பிரித்தே ஆகவேண்டும் என்று இறங்கினேன். வீதமும் அது தொடங்கும் திகதியும் ஓர் அட்டவணையில். கணக்கு ஒரே இடத்தில். ஒவ்வொரு பில்லும் தன் வீதத்தைத் தன்னோடு சேமித்துக்கொள்ளும். திரை கேட்கும், காட்டும், அவ்வளவுதான். (1979இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வுகூடத்தில் ட்ரிக்வே ரீன்ஸ்கௌக் இதையே மாடல் (தரவும் கணக்கும்), வியூ (திரையில் காட்டுவது), கன்ட்ரோலர் (பயனரின் உள்ளீட்டைக் கையாள்வது) என்று பிரித்ததைப் பரீட்சைக்குப் பாடமாக்கியவன்தான் நான்.) ஒரு மாத இரவு வேலை. முதலாளிக்குக் காட்ட ஒன்றுமில்லை. "எல்லாம் அப்பிடியேதானே இருக்கு, என்னத்துக்குக் காசு?" என்றார்.

2024 ஜனவரி 1, வற் 18. முந்தின இரவே அட்டவணையில் ஒரு வரிசை சேர்த்தாயிற்று. காலையில் ஒருவர் டிசெம்பரில் வாங்கிய ரைஸ் குக்கரைத் திருப்பிக் கொண்டுவந்தார். கணக்கு 15 வீதத்தோடு சரியாக வந்தது. முதலாளி எட்டிப் பார்த்து, மெனுவில் ஒரு எழுத்துப் பிழையைக் காட்டினார்.