விவாகரத்துத் தீர்ப்பை மீறினால் என்ன செய்யலாம்? நெல்லைப் பக்கத்து அனுபவங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தாய்:

எங்களுடையது இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவின்படி இருவரும் சம்மதித்துப் பெற்ற விவாகரத்து. மகனின் பள்ளிக் கட்டணத்தை ஆண்டுதோறும் ஜூன் மாதத்துக்குள் கட்டிவிடுவதாக அவர் பிரமாணப் பத்திரத்தில் உறுதியளித்து, நீதிபதி அதைப் பதிவு செய்துகொண்ட பிறகே தீர்ப்பு வந்தது. முதல் ஆண்டு ஒழுங்காகக் கட்டினார். மறு ஆண்டு யாவாரம் படுத்துவிட்டது என்றார். அதன் பிறகு தொலைபேசியையே எடுக்கவில்லை.

நீதிமன்ற அவமதிப்பு வழக்குப் போட்டு அவரை உள்ளே தள்ளியே தீர்வது என்ற கொதிப்பில் வக்கீல் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த குமாஸ்தா அண்ணாச்சி வழக்குக் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "எம்மா, அவமதிப்புக்குத் தண்டிக்க இங்க உள்ள குடும்பக் கோர்ட்டுக்கு அதிகாரம் கிடையாது, மதுரையில இருக்க ஐகோர்ட் கிளைக்குத்தான் போணும். ஒனக்கு அவன் செயிலுக்குப் போணுமா, ரூவா வரணுமா?" என்று கேட்டார். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவமதிப்புக்கு அதிகபட்சம் 6 மாத வெறுங்காவலும் 2,000 ரூபாய் அபராதமும்தான். அந்த அபராதமும் நம் கைக்கு வராது, அரசுக்குப் போய்விடும். மீறல் நடந்து ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டும் என்ற கெடு வேறு. தீர்ப்பில் உள்ளதை நிறைவேற்றித் தரக் கேட்கும் நிறைவேற்று மனுவுக்கோ (ஈ.பி.) 12 ஆண்டு அவகாசம் உண்டு. அவர் நீதிமன்றத்திலேயே உறுதிமொழி கொடுத்திருப்பதால், வேண்டுமென்றே அதை மீறியது அவமதிப்பாகும் என்ற வாதம் எப்படியும் கையில் இருக்கிறது என்றும், முதலில் ஈ.பி. போடலாம் என்றும் வக்கீல் முடிவு செய்தார். கடைச் சரக்கை ஜப்தி செய்ய உத்தரவாகி, நீதிமன்ற ஊழியரான அமீனா கடை வாசலில் வந்து நின்ற அன்று சாயங்காலமே பாக்கி முழுவதும் என் கணக்குக்கு வந்து சேர்ந்தது. அதுவரை இல்லாத பணம் எங்கிருந்து வந்தது என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

தென்காசியிலிருந்து ஒரு தந்தை:

அக்கா சொன்னது பண விஷயத்துக்குப் பொருந்தும். பிள்ளையைக் காட்ட மறுத்தால் எதை ஜப்தி செய்வது? மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மகளை என்னிடம் அனுப்ப வேண்டும் என்று தீர்ப்பில் இருக்கிறது. ஆனால் எங்கே, எத்தனை மணிக்கு என்று இல்லை. போகும்போதெல்லாம் காய்ச்சல், டியூஷன், ஆச்சி வீடு என்று ஏதாவது ஒரு பதில் வந்தது. ஜீவனாம்சத்தை நிறுத்தினால் தானாக வழிக்கு வருவாள் என்று சொந்தக்காரர்கள் ஓதினார்கள். வக்கீல் அதை அடியோடு மறுத்தார். பிள்ளையைக் காட்டாததால் பணம் தரவில்லை என்பதையும், பணம் தராததால் பிள்ளையைக் காட்டவில்லை என்பதையும் எந்த நீதிமன்றமும் சாக்காக ஏற்காது என்றார்.

மதுரைக் கிளையில் அவமதிப்பு மனுவைத் தாக்கல் செய்தோம். வாட்ஸ்அப் செய்திகளை, மின்னணுச் சான்றுக்கு உரிய சான்றிதழோடு இணைத்தோம். வேண்டுமென்றே மீறினார் என்பதை நாம்தான் நிரூபிக்க வேண்டும். மகளின் தாய் தரப்போ மருத்துவச் சீட்டுகளை அடுக்கியது. கடைசியில் தண்டனை ஏதுமில்லாமல் சமரச மையத்துக்கு அனுப்பினார்கள். இப்போது காலை 10 மணிக்குக் கொக்கிரகுளம் அறிவியல் மைய வாசலில் மகளை ஒப்படைப்பது என்று எழுத்தில் இருக்கிறது. அவளும் வருகிறாள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு பெரியவர்:

என் மகன் ஜீவனாம்சப் பாக்கிக்காக, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125ஆம் பிரிவின் கீழ் ஒரு மாதம் சிறையில் இருந்துவிட்டு வந்தான். 2024 ஜூலை முதல் அது புதிய சட்டத்தில் 144ஆம் பிரிவு. உள்ளே இருந்ததோடு கடன் கழிந்தது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். சிறைவாசம் பாக்கியை அழிக்காது என்று உச்ச நீதிமன்றம் எப்போதோ சொல்லிவிட்டது. அந்தத் தொகைக்கே மருமகள் மறுபடி மனுப் போட்டிருக்கிறாள். அடுத்த வாய்தாவுக்குள் பாதியாவது கட்டச் சொல்லியிருக்கிறேன்.