சேற்று மின்கலம்: மீட்டரில் 0.6 வோல்ட், எல்இடி எரியவில்லை. அவசரம்!

நெல்லை_மைக்ரோ: எம்.எஸ்சி புராஜெக்ட். சேற்றிலுள்ள பாக்டீரியா விடும் எலக்ட்ரானைப் பிடித்து மின்சாரம் எடுக்க, சேற்றில் எலக்ட்ரோடு புதைத்திருக்கிறேன். மீட்டரில் 0.6 வோல்ட் வருகிறது, எல்இடி மாட்டினால் படுத்துவிடுகிறது. பாக்டீரியா செத்துவிட்டதா? மாதக் கடைசியில் ரிவியூ, சீக்கிரம் சொல்லுங்கள்.

பேட்டை_வயர்மேன்: என்ன எலக்ட்ரோடு, என்ன கம்பி, எவ்வளவு ஆழம்? ஒன்றுமே சொல்லவில்லையேம்மா. சிவப்பு எல்இடிக்கே 1.8 வோல்ட் பக்கம் வேண்டும். ஒரு கலத்தில் அது வராது.

சேரன்மாதேவி_வயல்: எந்த ஊர்ச் சேறு? யூரியா போட்ட வயலா? யூரியா மேல்மண்ணில் நைட்ரேட்டாக மாறும். நைட்ரேட் கிடைத்தால் பாக்டீரியா எலக்ட்ரானை அதற்குத்தான் கொடுக்கும், எலக்ட்ரோடுக்குக் கொடுக்காது. குளத்துச் சேறு எடுங்கள்.

ஆய்வக_மூத்தவன்: 1911லேயே பாட்டர் என்ற இங்கிலாந்துத் தாவரவியலாளர் நுண்ணுயிரை வைத்து மின்சாரம் எடுத்துக் காட்டிவிட்டார். அடிப்படையைப் படிக்காமல் பல்பு மாட்ட வந்துவிடுகிறார்கள். சுமை இல்லாமல் அளந்த வோல்டேஜுக்கு மதிப்பில்லை. 1000 ஓம் ரெசிஸ்டர் மாட்டி அளந்துவிட்டு வரவும்.

நெல்லை_மைக்ரோ: தாமிரபரணிப் பாசன வயல் சேறு. எலக்ட்ரோடு கார்பன் ஃபெல்ட், அதாவது கார்பன் இழைத் துணி. ஒன்று சேற்றுக்குள், ஒன்று மேல் தண்ணீரில். செம்புக் கம்பி சுற்றியிருக்கிறேன். 1000 ஓமில் 0.02 வோல்ட்தான்.

பேட்டை_வயர்மேன்: செம்பு வெறுமனே சேற்றில் கிடக்கிறதா? வில்லங்கமே அதுதான். வெளியே எடுத்துப் பாருங்கள், சுற்றிய இடம் கறுத்திருக்கும். செம்பு அரித்தாலே மீட்டர் வோல்டேஜ் காட்டும், பாக்டீரியாவுக்கும் அது விஷம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி போடுங்கள். பக்கத்தில் ஆட்டோகிளேவ் செய்த, அதாவது அழுத்த நீராவியில் கிருமியைக் கொன்ற சேற்றிலும் ஒரு ஜாடி வையுங்கள். ரெசிஸ்டரோடு இரண்டும் ஒரே அளவு காட்டினால் அது பாக்டீரியா கொடுத்த மின்சாரம் இல்லை.

சேரன்மாதேவி_வயல்: எப்படியும் வேலை செய்யப்போவது ஜியோபாக்டர் என்ற பாக்டீரியா. 1987இல் அமெரிக்காவில் பொடோமாக் ஆற்றுச் சேற்றில் கண்டுபிடித்தது. நம்ம ஆற்றுச் சேற்றிலும் இருக்கும்.

ஆய்வக_மூத்தவன்: 16எஸ் சீக்வென்சிங் (பாக்டீரியாவை அடையாளம் காட்டும் மரபணுவைப் படிப்பது) செய்யாமல் பெயர் சொல்லக் கூடாது. ஷெவனெல்லா என்ற வேறு பாக்டீரியாவாக இருக்கலாமே? அது எலக்ட்ரானைச் சுமக்கும் ஃபிளேவின் என்ற பொருளை வெளியே விட்டு, அதன் வழியாக எலக்ட்ரானை அனுப்பும்.

சேரன்மாதேவி_வயல்: நான் ஜியோபாக்டர் மட்டும்தான் என்றா சொன்னேன்?

ஆய்வக_மூத்தவன்: "வேலை செய்யப்போவது" என்றால் வேறு என்ன அர்த்தம்?

பேட்டை_வயர்மேன்: அண்ணாச்சி, இரண்டு பேரும் விடுங்க. ஏம்மா, ஃபெல்ட் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது? ஆக்ஸிஜன் படக் கூடாது. கம்பியை மாற்றிவிட்டுத் தோண்டித் தோண்டிப் பார்க்காதீர்கள். ஃபெல்ட்டில் பாக்டீரியா படலம் பிடிக்க நாளாகும்.

நெல்லை_மைக்ரோ: ஸ்டீல் கம்பி போட்டாச்சு. 1000 ஓமில் இப்போது 0.2 தாண்டிவிட்டது, ஆட்டோகிளேவ் ஜாடி அசையவே இல்லை. நன்றி அண்ணாச்சி, ரிவியூவுக்குக் கிளம்புகிறேன்.

சேரன்மாதேவி_வயல்: நைட்ரேட் பார்த்தீர்களா?