தனி ஊசலில் ஜி மதிப்பு 10.6 வருகிறது. எங்கே தப்பு?

கேள்வி:
பிளஸ் ஒன் இயற்பியல் செய்முறைக்காகத் தனி ஊசலை வைத்து ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கம், கண்டுபிடிக்கணும். நாலு நீளத்துக்கு 20 அலைவு நேரம் எடுத்தேன்.

40 செ.மீ. – 24.6 வினாடி
60 செ.மீ. – 29.9 வினாடி
80 செ.மீ. – 34.5 வினாடி
100 செ.மீ. – 38.5 வினாடி

நூலைப் பிடித்திருக்கும் பிளந்த தக்கையின் அடியிலிருந்து குண்டின் கொக்கி வரைக்கும் இருக்கிற நூலைத்தான் அளந்தேன். ஜி வரிசையாக 10.44, 10.60, 10.61, 10.65 மீ/வி². 9.8 வரவேண்டாமா? பதிவேட்டில் நேரத்தை மட்டும் கொஞ்சம் மாற்றி எழுதிக்கொள் என்கிறாள் தோழி. எழுதலாமா?

பதில் 1:
குண்டை ரொம்ப தூரம் இழுத்து விட்டிருப்பீங்க. கோணம் 5 டிகிரிக்குள் இருக்கணும். 100 செ.மீ. நூலுக்கு 8 செ.மீ. இழுத்தாலே போதும்.

பதில் 2:
5 டிகிரி அறிவுரை சரி, ஆனால் இங்கே காரணம் அதுவல்ல. வீச்சு கூடினால் அலைவு நேரம் நீளும், ஜி குறையும். 20 டிகிரி இழுத்தால்கூட ஜி சுமார் 1.5 சதவீதம் கீழேதான் போகும். உங்களுக்கு 8 சதவீதம் மேலே போயிருக்கு. பிழை எந்தப் பக்கம் தள்ளுது என்று முதலில் பாருங்க. பாதி சந்தேகம் அதிலேயே தீர்ந்துவிடும்.

நேரத்தை மாற்றி எழுதவே எழுதாதீங்க. தப்பு எங்கே என்று காட்டிக்கொடுப்பதே அந்த எண்கள்தான். ஜி 10.44-ல் தொடங்கி நீளம் கூடக்கூட ஏறுது பாருங்க. கை தடுமாற்றம் என்றால் மேலும் கீழுமாகச் சிதறியிருக்கும். ஒரே திசையில் ஏறினால் நீளத்தில் ஒரு நிலையான துண்டு விட்டுப்போயிருக்கு என்று அர்த்தம். 40 செ.மீ.-ல் அந்தத் துண்டு பெரிய பங்கு, 100-ல் சின்னப் பங்கு.

ஊசலின் நீளம் குண்டின் மையம் வரைக்கும். கொக்கியின் உயரத்தையும் குண்டின் ஆரத்தையும் சேர்க்கணும். வெர்னியர் அளவியில் குண்டின் விட்டத்தை ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசையில் எடுங்க. அதற்கு முன் தாடைகளை மூடி, சுழிப்பிழை இருக்கா (மூடியும் சுழியைக் காட்டாமல் இருக்கா) என்று பார்த்துக்கொள்ளுங்க.

கேட்டவர்:
விட்டம் 2.0 செ.மீ., கொக்கி 0.5 செ.மீ. ஆக 1.5 செ.மீ. சேர்த்தேன். இப்போ 10.83, 10.86, 10.81, 10.81. இன்னும் தள்ளிப் போயிடுச்சே!

பதில் 2:
தள்ளிப் போகலை, நல்ல இடத்துக்கு வந்திருக்கு. நாலும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டதைப் பாருங்க. இனி மிச்சமிருப்பது எல்லா அளவையும் ஒரே விகிதத்தில் பாதிக்கும் ஒரு பிழைதான். முதலில் வந்த 10.6-ல் இரண்டு பிழைகள் எதிரெதிராக இழுத்துக்கொண்டிருந்தன.

எப்படி எண்ணினீங்க? ஸ்டாப் வாட்சை அழுத்தும்போதே "ஒன்று" என்று சொன்னீங்களா?

கேட்டவர்:
ஆமாம் சார். அழுத்தும்போது ஒன்று, "இருபது" வந்ததும் நிறுத்தினேன்.

பதில் 2:
அப்படியென்றால் நடந்தது 19 அலைவு. நீங்க வகுத்தது 20-ஆல். அலைவு நேரம் 5 சதவீதம் குறையும். அதன் வர்க்கம் கணக்கில் வருவதால் ஜி கிட்டத்தட்ட 11 சதவீதம் கூடும். 10.83-ஐ 0.9025-ஆல் பெருக்கினால் 9.77. பொருந்துகிறது. ஆனால் இது காரணத்தைச் சோதிக்கத்தான். பதிவேட்டுக்குப் புதிதாக எடுங்க.

குண்டு ஓய்ந்து நிற்கும் இடத்துக்குப் பின்னால் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்க. முதல் இரண்டு மூன்று அலைவை விட்டுவிடுங்க. குண்டு இடமிருந்து வலமாகக் கோட்டைக் கடக்கும்போது "சுழி" என்று சொல்லி அழுத்துங்க. அடுத்து அதே திசையில் கடக்கும்போதுதான் "ஒன்று". ஓரத்தில் குண்டு மெதுவாகத் திரும்புவதால் அந்தக் கணம் கண்ணுக்குப் பிடிபடாது. நடுவில் வேகம் அதிகம், அங்கே எண்ணுவதுதான் துல்லியம்.

கேட்டவர்:
அதே நாலு நீளத்தில் மூன்று முறை எடுத்துச் சராசரி பார்த்தேன்: 25.8, 31.6, 36.3, 40.4. ஜி 9.85, 9.73, 9.77, 9.82. சராசரி 9.7925. அப்படியே எழுதலாமா?

பதில் 3:
நாலு தசமம் வேண்டாம். உங்க மதிப்புகள் 9.73-லிருந்து 9.85 வரை பரவியிருக்கு, அதில் பாதி 0.06. எனவே 9.79 ± 0.06 மீ/வி² என்று எழுதுங்க. தமிழ்நாட்டில் உண்மை மதிப்பே 9.78-ஐ ஒட்டித்தான். புத்தகத்தில் வரும் 9.80665 என்பது 1901-ல் தர மதிப்பாக முடிவு செய்தது, உங்க ஊரில் அளந்த எண் இல்லை.

வரைபடத்தில் நீளம் கிடை அச்சில், அலைவு நேரத்தின் வர்க்கம் செங்குத்து அச்சில். அலகை இரண்டு அச்சிலும் எழுதுங்க. 1 செ.மீ.க்கு 1, 2, 5 அல்லது அவற்றின் பத்து மடங்காக அளவுத்திட்டம் இருக்கட்டும். 3, 7 என்று எடுத்தால் குறிக்கும்போதே தப்பு வரும். புள்ளிகளைச் சின்னப் பெருக்கல் குறியாகப் போட்டு, ஒளி ஊடுருவும் ஸ்கேலை வைத்து இருபுறமும் சமமாகப் புள்ளிகள் விழும்படி ஒரே நேர்கோடு இழுங்க. புள்ளிக்குப் புள்ளி இணைக்காதீங்க. சாய்வுக்குக் கோட்டின் மேலேயே தள்ளித்தள்ளி இரண்டு இடம் எடுங்க. 39.48-ஐ (அதாவது 4π²-ஐ) சாய்வால் வகுத்தால் ஜி. சாய்வு 4.0 வினாடி²/மீட்டர் பக்கம் வரணும்.

முதலில் எடுத்த தப்பான அளவுகளையும் ஒரு தாளில் வரைந்து பாருங்க. கோடு தொடக்கப் புள்ளி வழியாகப் போகாது. கிடை அச்சைச் சுழிக்கு இடப்பக்கம் ஏறக்குறைய 1.4 செ.மீ.-ல் வெட்டும். நீங்க சேர்க்க மறந்த 1.5 செ.மீ. அங்கே தெரியும்.