வயதானவர்களின் மருத்துவ முடிவுகள்: உங்கள் மனதில் உறுத்தும் ஓர் அனுபவம்?

வால்நட்சத்திரம்:
அப்பாவுக்கு இதய வால்வு சுருக்கம். நெஞ்சைத் திறந்து மாற்றுவதா, தொடை ரத்தக்குழாய் வழியாக வைப்பதா என்ற கேள்வி. ஆபத்து, வால்வின் ஆயுள் எல்லாவற்றையும் அட்டவணை போட்டுக் கொடுத்தேன். தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "கையைப் பிடிச்சுப் பேசினாரே, அந்த டாக்டர் சொல்றதையே செஞ்சுடலாம்" என்றார். வாழ்நாள் முழுக்கக் கணக்குப் பார்த்தே செலவழித்த மனுஷன்! இப்போது நன்றாகத்தான் இருக்கிறார். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

மாடிப்படி:
எங்கள் அத்தை வேறு மாதிரி. "நூறு பேரில் தொண்ணூறு பேர் பிழைக்கிறார்கள்" என்றபோது தலையாட்டினார். ஒப்புதல் படிவத்தில் "பத்து சதவீதம் உயிரிழப்பு" என்று படித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ரெண்டும் ஒரே கணக்குதானே? (வயதை மட்டும் குறை சொல்ல முடியாது. 1982-ல் நுரையீரல் புற்றுநோய் சிகிச்சையை வைத்து நடந்த ஆய்வில் டாக்டர்களும் இதே மாதிரிதான் தடுமாறினார்கள்.)

இரவுப்பணி:
வால்நட்சத்திரம், அப்பா யோசிக்கவில்லை என்று யார் சொன்னது? நான் நர்ஸ், தினமும் பார்க்கிறேன். பல எண்களை ஒரே நேரத்தில் மனதில் வைத்து ஒப்பிடும் வேகம் வயதானால் குறையும். ஆளை எடைபோடும் அனுபவம் அப்படிக் குறைவதில்லை. மிச்சமுள்ள காலம் கொஞ்சம்தான் என்று தோன்றினால் மனம் நல்லதையே தேடும் என்கிறார் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக உளவியலாளர் லாரா கார்ஸ்டன்சன். 2007-ல் அவரும் கோரினா லோக்கன்ஹாஃபும் வெளியிட்ட ஆய்வில், டாக்டரைத் தேர்ந்தெடுக்கும்போது முதியவர்கள் சாதகமான தகவல்களையே அதிகம் பார்த்தார்கள். விவரங்களைக் கவனியுங்கள் என்று சொன்னதும் இளையவர்களோடு இருந்த அந்த வித்தியாசம் மறைந்தது. அதனால் அட்டவணையெல்லாம் வேண்டாம். ரெண்டே வழிகளைச் சொல்லுங்கள். "இதில் என்ன தப்பாகப் போகலாம்?" என்று அவர் எதிரிலேயே டாக்டரைக் கேளுங்கள். காது மிஷினை மாட்டிவிட்டு அழைத்துப் போங்கள். ஒரே நாளில் திடீர்க் குழப்பம் வந்தால் வயசு என்று விட்டுவிடாதீர்கள், நோய்த்தொற்றோ மருந்தோ காரணமாக இருக்கலாம். அன்றைக்குக் கையெழுத்து வாங்க அவசரப்படாதீர்கள்...

வால்நட்சத்திரம்:
சிஸ்டர், ஆபரேஷனே முடிந்துவிட்டது. நான் ஆலோசனை கேட்கவில்லையே!

சாய்வுநாற்காலி:
எனக்கு 76. சிறுநீரகம் செயலிழந்து வருகிறது, டயாலிசிஸ் வேண்டாம் என்றேன். "அம்மா பயப்படுறாங்க டாக்டர்" என்றாள் மகள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே. அவரும் அவளைப் பார்த்தே பதில் சொன்னார். பயமெல்லாம் இல்லை. வாரம் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் மிஷின் பக்கத்தில் கிடக்க விருப்பமில்லை. மருந்தோடு எவ்வளவு காலம் சமாளிக்கலாம் என்பதுதான் என் கேள்வி, அதைக் கேட்க இடமே கிடைக்கவில்லை. அடுத்த தடவை தனியாகப் போகப் போகிறேன். மகளிடம் இன்னும் சொல்லவில்லை.